லேசர் மாட்யூலுக்கு புது டிரைவர் போடும்போது கரண்ட் எவ்ளோ வைக்கணும்?

தம்பி, உன் கேள்விய முதல்ல சுருக்கமா திருப்பி சொல்லிடறேன், நான் புரிஞ்சிக்கிட்டது தப்புன்னா இங்கயே தெரிஞ்சிடும். மர நேம்போர்டு, கீசெயின் போடற சின்ன என்கிரேவர், 12 வோல்ட், ஸ்டிக்கர்ல 5500 மில்லிவாட்னு போட்டிருக்கு, நீல லேசர். லேசருக்கு கரண்ட் குடுக்கற டிரைவர் போர்டு புகைஞ்சு போச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டிடிஎல் டிரைவர் வாங்கிட்டு வந்திருக்க, அதுல கரண்ட கூட்டி குறைக்கற ஒரு சின்ன நீல ட்ரிம்பாட் இருக்கு, எவ்ளோ ஆம்ப்ல வைக்கணும்னு கேட்டா கடைக்காரர் "தீக்குச்சி பத்துற வரைக்கும் திருகுங்க போதும்"னு சொல்லி அனுப்பிட்டாரு. இப்ப திருகவா வேண்டாமான்னு கேக்கற.

திருகாத. லேசர் ஒளிய விடற டயோடு இன்னும் கழட்டி தனியா இருக்குன்னா அப்படியே இருக்கட்டும், புது டிரைவரையும் டயோடையும் இன்னிக்கு ஒண்ணா சேக்கவே வேண்டாம்.

நம்ம ஆளுங்க லேசர் டயோட எல்இடி மாதிரியே நினைச்சிடறாங்க, பாதி டயோடு சாகறது அதனாலதான். எல்இடிக்கு கொஞ்சம் கரண்ட் ஜாஸ்தி போனா சூடாகும், மெதுவா மங்கும், நமக்கு சுதாரிக்க நேரம் இருக்கும். லேசர் டயோடு அப்படி இல்ல. உள்ள இருக்கற சிப்போட முனைல, மைக்ரான் கணக்குல இருக்கற ஒரு சின்ன கண்ணாடி மாதிரி முகம் வழியாதான் அத்தன வெளிச்சமும் வெளிய வருது, அளவுக்கு மேல வெளிச்சம் வந்தா அந்த முகமே உருகிடும். அதுக்கு ஒரு செகண்டெல்லாம் வேண்டாம், மைக்ரோ செகண்டே ஜாஸ்தி. நீ பாட்ட திருகிட்டு "ஐயோ ஜாஸ்தி ஆயிடுச்சே"ன்னு திருப்பி குறைக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். செத்த டயோடும் எரியும், அதான் கொடுமை. மங்கலா நீலமா எல்இடி மாதிரி எரியும், பேப்பர் கூட கருகாது.

கண்ணால பாத்து வைக்கறதும் நடக்காது. 445, 450 நானோமீட்டர் நீலத்துக்கு நம்ம கண்ணு ரொம்ப மந்தம், அதுலயும் பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்தா 2 வாட்டுக்கும் 3 வாட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தீக்குச்சி 1 வாட்டுக்கே பத்திக்கும். அது பத்திக்கிட்டா லேசர் வருதுன்னு தெரியுமே தவிர எவ்ளோ வருதுன்னு தெரியாது.

சரி, நம்பர் எங்கேர்ந்து வரும்? ஸ்டிக்கர்லேர்ந்து வராது. இந்த மாதிரி மாட்யூல்ல போட்டிருக்கற வாட்ட நம்பி கணக்கு போடாத, சிலர் உள்ள போற மின்சாரத்தோட வாட்டயே போட்டு விக்கறாங்க, சிலர் வாய்க்கு வந்தத அச்சடிக்கறாங்க. நம்பர் டயோடுலேர்ந்துதான் வரணும். லென்ஸ் மூடிய கழட்டிட்டு டயோடோட தட்டு எவ்ளோ அகலம்னு ஸ்கேல் வச்சு பாரு. 5.6 மில்லிமீட்டர்னா சின்ன வகை, அதுல ஆஸ்ராம் பிஎல் டிபி450பி மாதிரி டயோடுங்க இருக்கும், சுமாரா ஒன்றரை வாட், 1.2 ஆம்ப் பக்கம். 9 மில்லிமீட்டர்னா பெரிய வகை, அங்கதான் சிக்கல், ஏன்னா நிச்சியாவோட என்டிபி7ஏ75னா 2.3 ஆம்ப்புக்கு மூன்றரை வாட், அதே கம்பெனி என்யூபிஎம்08னா 3 ஆம்ப்புக்கு 4.75 வாட், ரெண்டும் வெளிய பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 5500னு ஸ்டிக்கர் ஒட்டின மாட்யூல்ல எது இருக்குன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. அதனால 9 மில்லிமீட்டர்னா இந்த ரெண்டுல கம்மி கரண்ட் எடுக்கற சின்னவன்னே எப்பவும் வச்சிக்கோ. பெரியவனுக்கு கம்மி கரண்ட் குடுத்தா ஒண்ணும் ஆகாது, சின்னவனுக்கு பெரியவன் கரண்ட் குடுத்தா காலி.

இந்த நீல டயோடுங்க வீட்டு பசங்க கைக்கு வந்த கதையே ஒரு வேடிக்கை. 2010 வாக்குல காசியோ லேசர் ப்ரொஜெக்டர் விட்டாங்க, ஒவ்வொண்ணுக்குள்ளயும் 24 நீல டயோடு, ஒண்ணொண்ணும் சுமார் 1 வாட். அப்ப தனியா ஒரு டயோடு வாங்கற விலைக்கு ப்ரொஜெக்டர உடைச்சு 24 எடுக்கறது லாபமா இருந்துது, வெளிநாட்டு ஆளுங்க புது ப்ரொஜெக்டர வாங்கி உடைச்சாங்க. டேட்டாஷீட் எதுவும் கிடையாது, எவ்ளோ கரண்ட் தாங்கும்னு ஒண்ணொண்ணா கொன்னு கொன்னுதான் கண்டுபிடிச்சாங்க. நீ அந்த பாவத்த திரும்ப பண்ண வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கு, செத்துப்போன பழைய டிரைவர தூக்கி போட்டுடலயே? அதுல பெரிய காயில் பக்கத்துல தட்டையா ஒரு ரெசிஸ்டர் இருக்கும், ஆர்050, ஆர்100 மாதிரி எழுதியிருக்கும், ஆர்050னா 0.05 ஓம். ஐசி நம்பர் படிக்க முடிஞ்சா அதோட டேட்டாஷீட்ல கரண்ட் சென்ஸ் வோல்டேஜ் பாரு. உதாரணத்துக்கு அது 0.1 வோல்ட்னா, 0.1 வகுத்தல் 0.05, பழைய டிரைவர் 2 ஆம்ப்ல ஓடிட்டு இருந்திருக்கு. மாட்யூல செஞ்சவன் வச்ச நம்பர் அது, நல்ல துப்பு. ஆனா அவனும் ஸ்டிக்கர் வாட்ட எட்டணும்னு டயோட கொஞ்சம் கசக்கியிருப்பான், அதனால அதுல 10, 15 சதவீதம் குறைச்சு எடுத்துக்கோ. போர்டு கருகி ஐசி நம்பரே தெரியலன்னா விடு.

உனக்கு நான் சொல்ற நம்பர்: டயோடு 9 மில்லிமீட்டரா இருந்தா 1.8 ஆம்ப். 5.6ஆ இருந்தா 1 ஆம்ப். ஏன் இவ்ளோ கம்மின்னு அப்புறம் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, டயோடு உயிரோட இருக்கான்னு பாக்கணும். டிரைவர் புகைஞ்சு செத்திருக்குன்னா போற போக்குல 12 வோல்ட்டையும் டயோடு தலைல கொட்டிட்டு போயிருக்கலாம். மல்டிமீட்டர் டயோடு மோட்ல நீல டயோடு ஒண்ணும் காட்டாது, அதுக்கு 3 வோல்ட்டுக்கு மேல வேணும், பெரும்பாலான மீட்டர்ல அந்த மோட்ல அவ்ளோ வராது, அத பாத்துட்டு "செத்துடுச்சு"ன்னு முடிவு பண்ணிடாத. ஒரு 9 வோல்ட் பேட்டரி, சீரிஸ்ல ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், 25 மில்லி ஆம்ப் பக்கம் போகும், நிஜ லேசர் ஒளி வர ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப கீழ. லேசா நீலமா மினுக்குனா நல்ல சகுனம். ப்ளஸ் மைனஸ் நல்லா பாத்து வை, பழைய வயர் கலர நம்பாம பழைய போர்டுல எந்த பேட்ல இருந்துதுன்னு பாரு, லேசர் டயோடு ரிவர்ஸ் வோல்டேஜ் தாங்காது. மினுக்கறத நேரா குனிஞ்சு பாக்காத, பேப்பர்ல விழவிட்டு பாரு.

பேட்டரின்னு நான் சொன்னதுக்கு காரணம் இருக்கு. நம்ம வீட்ல இருக்கற ரெண்டு பின் அடாப்டர், ரெண்டு பின் சால்டரிங் அயர்ன் எல்லாம் லீக் ஆகும். ஓடிட்டு இருக்கற அயர்னோட முனைல டெஸ்டர் வச்சு பாரு, பாதி வீட்ல அது மங்கலா எரியும். அந்த முனையதான் டயோடு கால்ல வைக்கப் போற. அதனால டயோடு கால்ல ஒரு மெல்லிய வயர சுத்தி ரெண்டு காலையும் ஷார்ட் பண்ணிடு, அயர்ன் சூடானதும் ப்ளக்க புடுங்கிட்டு வந்து சால்டர் வை, எல்லாம் முடிஞ்சு கடைசியா அந்த ஷார்ட் வயர கழட்டு.

இப்ப மெயின் வேலை, டம்மி லோடு. டயோடுக்கு பதிலா அதே மாதிரி வோல்டேஜ் எடுத்துக்கற ஒரு பொம்மைய மாட்டி அதுல கரண்ட செட் பண்ணிக்கறது, அவ்ளோதான். 1என்5408னு 3 ஆம்ப் ரெக்டிஃபையர் டயோடு கடைல கேளு, அஞ்சு ரூபா பக்கம்தான் வரும். 2 ஆம்ப் பக்கம் போகும்போது ஒண்ணு சுமார் 0.85 வோல்ட் எடுக்கும், அஞ்ச வரிசையா கோடு ஒரே பக்கம் பாக்கற மாதிரி சால்டர் பண்ணினா நாலேகால் வோல்ட் கிட்ட வந்துடும், நீல லேசர் டயோடும் அந்த பக்கம்தான், நாலுலேர்ந்து அஞ்சு. அதோட சீரிஸ்ல 0.1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு, அந்த வெள்ள செங்கல் மாதிரி இருக்குமே அது. மல்டிமீட்டர 200 மில்லிவோல்ட் ரேஞ்ச்ல வச்சு ரெசிஸ்டரோட ரெண்டு கால்லயும், உடம்புக்கு ஒட்டினாப்ல, முனைய வை. 10 மில்லிவோல்ட் காட்டினா 100 மில்லி ஆம்ப். 180 மில்லிவோல்ட்னா 1.8 ஆம்ப். வயர் நீளத்தையும் சேத்து அளந்துடாத, 0.1 ஓம்ங்கறது ரொம்ப சின்னது, பத்து சென்டிமீட்டர் சாதா ஹூக்கப் வயர் உள்ள வந்தாலே அஞ்சு சதவீதம் தப்பு வரும். ப்ரெட்போர்டுல குத்தி அளக்கறது இன்னும் மோசம்.

மீட்டர நேரா சீரிஸ்ல 10 ஆம்ப் ரேஞ்ச்ல போட்டா ஈஸி தானேன்னு கேப்ப. டம்மில போட்டு பாக்கலாம், தப்பில்ல. ஆனா நிஜ டயோடோட அத எப்பவும் பண்ணாத. ப்ரோப் ஒரு நொடி நழுவுச்சுன்னு வை, சர்க்யூட் ஓப்பன் ஆகும், டிரைவர் "கரண்ட் போகலையே"ன்னு அவுட்புட் வோல்டேஜ ஏத்திக்கிட்டே போயி 12 கிட்ட நிக்கும், அவுட்புட் கெப்பாசிட்டர் ஃபுல்லா ரொம்பிடும், அடுத்த நொடி ப்ரோப் திரும்ப தொட்டா அந்த கெப்பாசிட்டர்ல இருக்கற அத்தனையும் டயோடுக்குள்ள பாயும். பத்து பதினஞ்சு ஆம்ப் ஒரு சொடுக்குல. மீட்டர்ல அது தெரியவே தெரியாது, அப்புறம் லேசர் ஏன் வரலன்னு ரெண்டு நாள் மண்டைய பிச்சிக்கிட்டு இருப்ப.

ட்ரிம்பாட் விஷயம். அந்த சின்ன செவ்வக நீல பாட் பெரும்பாலும் 25 சுத்து. புதுசா வர டிரைவர்ல அது எங்க நிக்கும்னு சொல்ல முடியாது, நான் வாங்கினதுல ஒண்ணு முழு மேக்ஸிமத்துல நின்னுது. முதல்ல இடது பக்கம் 25, 30 சுத்து சுத்திடு, கடைசில லேசா டிக் டிக்னு கேக்கும். அதுவே மினிமம்னு நம்பிடாத, சில போர்டுல தலைகீழ், அதுக்குதான் டம்மி. டம்மி மாட்டு, 12 வோல்ட் குடு, மில்லிவோல்ட் பாரு. கம்மியா இருந்தா சரி, எடுத்த எடுப்புல 200 மில்லிவோல்ட் ரேஞ்சையே தாண்டுச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு அந்தப் பக்கம் சுத்து. அப்புறம் மெதுவா ஏத்திட்டு வந்து நிறுத்து. டயோடுங்க கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், அதனால அரை நிமிஷத்துக்கு மேல ஓட விடாத, கால நீளமா விட்டு சால்டர் பண்ணு, பிளாஸ்டிக் மேஜை மேல படுக்க வைக்காத.

இப்ப ஒரு விஷயம், இத நான் சொந்த காசுல கத்துக்கிட்டேன். இந்த டிரைவர்ல டிடிஎல் இன்புட் ஒண்ணு இருக்கு இல்ல, கன்ட்ரோலர் போர்டுலேர்ந்து பிடபிள்யூஎம், அதாவது வேகமா ஆன் ஆஃப் ஆகற சிக்னல், வந்து லேசர ஆன் ஆஃப் பண்றது. நான் ஒரு தடவ சாயங்காலம் ஆர்டர் குடுத்தே ஆகணும்னு அவசரத்துல இதே வேலைய பண்ணிட்டு இருந்தேன், டம்மி எல்லாம் ஒழுங்கா போட்டேன், சாஃப்ட்வேர்ல லேசர ஆன் பண்ற எம்3 எஸ்500 கமாண்ட அடிச்சுட்டு மீட்டர பாத்தா 90 மில்லிவோல்ட், "என்னடா கம்மியா இருக்கு"ன்னு பாட்ட ஏத்தி 180க்கு கொண்டு வந்து சந்தோஷமா டயோட மாட்டினேன். எஸ்500ங்கறது பாதி டூட்டி, அதாவது பாதி நேரம்தான் ஆன். லேசர் நிமிஷத்துக்கு நூறு தடவ இல்ல, கன்ட்ரோலர்ல ஓடற ஜிஆர்பிஎல் மென்பொருள்ல சுமார் செகண்டுக்கு ஆயிரம் தடவ ஆன் ஆஃப் ஆகுது, மீட்டருக்கு அது தெரியாது, சராசரிய மட்டும் காட்டும். மீட்டர்ல 1.8, டயோடு பாக்கறது 3.6 ஆம்ப். மாட்டி ஆன் பண்ணினதும் மரத்துல ஒரு புள்ளி கருகுச்சு, அப்புறம் மொபைல் டார்ச் மாதிரி ஒரு நீல வட்டம். அந்த ஆர்டர் போச்சு, டயோடும் போச்சு.

அதனால செட் பண்ணும்போது கன்ட்ரோலர் வயரையே கழட்டிடு. டிடிஎல் பின்ன நேரா 5 வோல்ட்ல வை, டிரைவர் முழு நேரமும் ஆன்ல இருக்கட்டும், அப்ப வர மில்லிவோல்ட்தான் நிஜம். வேற வழியில்லன்னா ஜிஆர்பிஎல்ல 30ம் நம்பர் செட்டிங்ல என்ன மேக்ஸிமம் இருக்கோ அதையே எஸ்ல குடு, பொதுவா 1000. அதோட அந்த டிடிஎல் பின்ன சும்மா தொங்கவிட்டா என்ன ஆகுதுன்னும் டம்மிலயே பாத்துடு. சில டிரைவர் ஆஃப்ல இருக்கும், சிலது ஃபுல் பவர்ல எரியும். ரெண்டாவது வகைன்னா வயர் ஒண்ணு கழண்டாலே லேசர் தானா ஆன் ஆயிடும், மரம் பத்திக்கும், கண்ணு போயிடும். அப்படி இருந்தா டிடிஎல்லுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 10 கிலோ ஓம் போட்டு திரும்ப பாரு, அப்பவும் அணையலன்னா இன்னும் சின்ன மதிப்பு போடு. சில போர்டுல டிடிஎல் தலைகீழா வேலை செய்யும், 0 குடுத்தா ஆன், அந்த மாதிரிய என்கிரேவருக்கு எடுக்காம இருக்கறதே நல்லது.

பவர் சப்ளைல காட்டற ஆம்ப்ப பாத்து செட் பண்றதும் ஒரு பழக்கம், அதுவும் தப்பு. உன் டிரைவர்ல காயில் இருக்குன்னா அது பக் டைப், 12 வோல்ட்ட நாலரை வோல்ட்டா குறைக்கும்போது கரண்ட் ஏறும். டயோடுல 1.8 ஆம்ப் ஓடும்போது சப்ளை பக்கம் 0.8 ஆம்ப் கூட இருக்காது. சப்ளைல 1.8 வரட்டும்னு ஏத்தினா டயோடுல நாலு ஆம்ப்ப தாண்டிடும். காயில் இல்லாம எல்எம்317 மாதிரி லீனியர் டைப்னா ரெண்டு பக்கமும் ஒரே கரண்ட்தான், ஆனா 12லேர்ந்து நாலரைக்கு இறக்கும்போது 1.8 ஆம்ப்புக்கு 13 வாட்டுக்கு மேல சூடாவே போகும், அதுவுமில்லாம எல்எம்317 ஒன்றரை ஆம்ப்போட நின்னுடும், சின்ன டயோடுக்குதான் சரி. அதுக்கு கணக்கு சுலபம், 1.25 வகுத்தல் ரெசிஸ்டர், 1.25 ஓம் போட்டா 1 ஆம்ப், பாட்டே வேண்டாம், பாட் இல்லன்னா பாட் கெடறதும் இல்ல.

எல்இடி டிரைவர் போர்ட லேசருக்கு போடலாமான்னும் ஒருத்தர் முன்னாடி கேட்டாரு. விலை கம்மிதான், ஆனா பிடி4115 மாதிரி ஐசில கரண்ட் நேர்கோடா இருக்காது, மேல கீழ ஆடும். மீட்டர் சராசரிய காட்டும், லேசர் டயோடு உச்சிய பாத்து சாகும். நான் போட மாட்டேன்.

இப்ப ஏன் 1.8னு சொன்னேன்னா. லேசர் டயோடுல த்ரெஷோல்டுன்னு ஒரு கரண்ட் இருக்கு, 9 மில்லிமீட்டர் நீலத்துக்கு தோராயமா 0.2, 0.3 ஆம்ப், அதுக்கு கீழ வெறும் மினுக்கல்தான். அதுக்கு மேல கரண்ட் ஏற ஏற வெளிச்சம் நேர்கோடா ஏறும், மூன்றரை வாட் டயோடுல ஒரு ஆம்ப்புக்கு சுமார் 1.7 வாட். அப்ப 1.8 ஆம்ப்ல இரண்டரை வாட்டுக்கு மேல கிடைக்கும், 2.3ல மூன்றரை. அதுக்கு மேல ஏத்தினா கொஞ்ச தூரத்துல கோடு வளைய ஆரம்பிக்கும், கரண்ட் ஏறும், வெளிச்சம் ஏறாது, மிச்சமெல்லாம் சூடு. சூடு ஏறினா த்ரெஷோல்டும் ஏறும், வெளிச்சம் இன்னும் குறையும். நம்ம ஊர் மே மாசத்துல ஷீட் போட்ட ரூம்ல ஹீட்சிங்கே 50 டிகிரில நிக்கும்போது டேட்டாஷீட்ல 25 டிகிரிக்கு போட்ட நம்பர அப்படியே வைக்கறது டயோடுக்கு பண்ற துரோகம்.

சரி, 1.8க்கும் 2.3க்கும் நடுவுல விட்ட பவருக்கு என்ன பண்றதுன்னா வேகத்த குறை. நிமிஷத்துக்கு 1000 மில்லிமீட்டர்ல ஓட்டறத 750ல ஓட்டு, மரத்துக்கு கிட்டத்தட்ட அதே சூடு கிடைச்சிடும். ஒரு நேம்போர்டுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகும். ரெண்டு டீ கதை பேசற நேரம்.

உண்மையிலேயே எவ்ளோ தாங்கும்னு தெரிஞ்சே ஆகணும்னா தெர்மல் பவர் மீட்டர் வேணும், அது விலை. இல்லன்னா நான் பண்ற ஒரு வேலை சொல்றேன், வாட் எவ்ளோன்னு சொல்லாது, கோடு எங்க வளையுதுன்னு மட்டும் காட்டும். அந்த 0.1 ஓம் ரெசிஸ்டர லேசரோட சீரிஸ்லயே நிரந்தரமா சால்டர் பண்ணி விட்டுடு. மூடி போட்ட தகர டப்பாக்குள்ள லென்ஸ் ஃபோகஸ கலைச்சு விரிஞ்ச ஒளிய ஒரு செங்கல் மேல விழ விடு, ஓரமா சிதறல் மட்டும் படற மாதிரி பழைய கால்குலேட்டர் சோலார் செல் ஒண்ண வை, அத மீட்டர்ல மைக்ரோ ஆம்ப் ரேஞ்ச்ல நேரா மாட்டு. 0.5 ஆம்ப்லேர்ந்து 0.1, 0.1ஆ ஏத்தி ரெண்டு நம்பரையும் நோட்டுல எழுது. ஒவ்வொரு படிக்கும் சோலார் செல் ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். எந்த படில ஏத்தம் சுருங்குதோ அங்கயே நிறுத்து, அதுலேர்ந்து 15 சதவீதம் கீழ வந்து வை. படிக்கு படி ஒரு நிமிஷம் இடைவெளி விடு, சூட்டுல ஏமாறக்கூடாது. இத நீ இப்பவே பண்ணணும்னு இல்ல, முதல்ல மெஷின் ஓடட்டும்.

டயோட மாட்டற வரிசை மட்டும் மாத்தாத. டம்மில செட் ஆச்சா, பவர் ஆஃப். ப்ளக்க புடுங்கு. டிரைவர் அவுட்புட் ரெண்டையும் ஒரு ரெசிஸ்டரால, 100 ஓம் மாதிரி எதுவா இருந்தாலும் சரி, பத்து செகண்ட் தொட்டு வை, மீட்டர்ல 0 வோல்ட் காட்டுதான்னு பாரு. அப்புறம் டம்மிய கழட்டு, டயோட சால்டர் பண்ணு, கனெக்டர் குத்தறத நான் நம்பறதில்ல, ஆடற கனெக்டர்தான் மேல சொன்ன நழுவற ப்ரோப். ஷார்ட் வயர எடு. ஃபேன பாரு, பழைய டிரைவர்லேர்ந்து ஃபேனுக்கு வயர் போயிருக்கும், புதுசுல அந்த சாக்கெட் இல்லன்னா ஃபேன நேரா 12 வோல்ட்ல போட்டுடு, லேசருக்கு முன்னாடி ஃபேன் சுத்தணும். டிடிஎல் கீழ இருக்கும்போதுதான் பவர் ஆன், ஆஃப் பண்ணணும், ஃபுல்லா எரிஞ்சிட்டு இருக்கும்போது அடாப்டர புடுங்கற பழக்கம் வேண்டாம்.

கண்ணாடி. அரை வாட்டுக்கு மேல எல்லாமே நாலாம் கிளாஸ், லேசர்ல ஆபத்து ஜாஸ்தியான வகை, நேரா பட வேண்டியதே இல்ல, பக்கத்து ஸ்டீல் ஸ்கேல்ல பட்டு வந்தாலே போதும். மெஷினோட ஃப்ரீயா வந்த பிளாஸ்டிக் கண்ணாடி எந்த கலரா இருந்தாலும் அதுல 445, 450 உள்ள வர அலைநீளமும், ஓடி, அதாவது ஒளிய எவ்ளோ தடுக்கும்ங்கற அளவு, 4க்கு மேல நம்பரும் அச்சடிச்சிருக்கான்னு பாரு, இல்லன்னா அது வெயிலுக்கு போடற கண்ணாடிதான். டம்மில செட் பண்றதுல இன்னொரு லாபம் இதான், ஒரு துளி ஒளி கூட வெளிய வராம வேலை முடிஞ்சிடும்.

இதெல்லாம் ஒத்த டயோடு மாட்யூலுக்கு. இப்ப வர 10 வாட், 20 வாட் மாட்யூல்ல ரெண்டு, நாலு டயோட வச்சு கதிர சேத்திருப்பாங்க, அதுல டயோடுங்க சீரிஸ்ல இருந்தா கரண்ட் ஒரு டயோடோட கரண்ட்தான், வோல்டேஜ்தான் கூடும், நாலுன்னா 17, 18 வோல்ட், டம்மிலயும் அதுக்கேத்த எண்ணிக்கை ரெக்டிஃபையர் வேணும், 12 வோல்ட் டிரைவர் அங்க ஆகாது. லெவல் பாக்கற சின்ன சிவப்பு லேசர்ல மூணு கால் இருக்கும், மூணாவது கால் உள்ள இருக்கற ஃபோட்டோ டயோடு, டிரைவர் அத பாத்துதான் கரண்ட கூட்டி குறைக்கும், அதுக்கு நிலையான கரண்ட் டிரைவர் போட்டா சூட்டுக்கு சூடு வெளிச்சம் மாறும், அது இருபது முப்பது மில்லி ஆம்ப் சமாச்சாரம், அங்க 0.1 ஓம் போட்டு ஒண்ணும் அளக்க முடியாது, 10 ஓம் போடு. பச்ச பாயிண்டர பிரிச்சு கரண்ட் ஏத்தறேன்னு மட்டும் யாரும் வராதீங்க, அதுக்குள்ள கண்ணுக்கு தெரியாத 808 நானோமீட்டர் ஒளி விடற டயோடு இருக்கு.

செட் ஆனதும் ட்ரிம்பாட் திருகு மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வை, மெஷின் அதிர்வுல அது தானா நகரும். மாட்யூல் மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல "180 மில்லிவோல்ட், 0.1 ஓம்"னு தேதியோட எழுதி வச்சிடு, அடுத்த தடவ டிரைவர் போனா இந்த ஆராய்ச்சியே வேண்டாம். இப்ப டயோடு தட்டோட அகலத்த அளந்து சொல்லு, பழைய போர்டோட ரெண்டு பக்கமும் கிட்ட போட்டோ எடுத்து போடு, அந்த ரெசிஸ்டர் நம்பர் தெரியற மாதிரி.